கேட்டலும் கேட்பித்தலும்

தமிழ் இலக்கணம் வினைச்சொற்களைத் தன்வினை, பிறவினை என்று இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறது. ஒருவர் தாமே செய்வது தன்வினை. பிறரைச் செய்விப்பது பிறவினை. கற்றான் என்பதற்குக் கற்பித்தான், உண்டான் என்பதற்கு உண்பித்தான் என்று இணை இருப்பதுபோல, கேட்டான் என்பதற்குக் கேட்பித்தான் என்ற இணை இருக்கிறது. இசை ரசனையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தன்வினையோடு நின்றுவிடுகிறது. பாடுபவர் ஒருவர், கேட்பவர் ஒருவர் என்ற அளவில் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் மனத்தைப் பிடித்து உலுக்கிய பாட்டு ஒன்றைப் புதிதாகக் கேட்டவர், அது முடிந்த கணமே அதை யாருக்குப் போட்டுக் காட்டலாம் என்று தேடத் தொடங்குவதைக் காணும்போது, ரசிகர் என்ற நிலையின் பாதி அந்தப் பிறவினையில்தான் அடங்கியிருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்நிலையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் மூன்று சொற்களும் மூன்று வெவ்வேறு மனநிலைகளிலிருந்து பிறந்தவை. ரசிகர் என்பது சுவை எனப் பொருள்படும் ரசம் என்ற வடசொல்லின் வழி வந்தது. நாட்டிய சாத்திரம் ரசங்களை எட்டாக வகுத்தது போலவே, தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் நிலைகளாகிய மெய்ப்பாடுகளை எட்டாக எண்ணுகிறது. ரச மரபில் தேர்ந்த சுவைஞருக்கு வடமொழியார் சகிருதயர், அதாவது படைத்தவரின் நெஞ்சோடு ஒத்த நெஞ்சுடையவர், என்று பெயரிட்டனர். விசிறி என்பது ஃபேன் என்ற ஆங்கிலச் சொல்லின் இன்னொரு பொருளைக் கொண்டு விளையாட்டாகப் பிறந்த மொழிபெயர்ப்பு. அந்த ஆங்கிலச் சொல்லோ வெறியரைக் குறிக்கும் ஃபனாட்டிக் என்பதன் குறுக்கம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. மூன்றாவதான நேயர், வானொலி நமக்கு நிலைபெறச் செய்த சொல். நேயம் உடையவர் என்பதற்கு மேல் அதில் எந்த ஆரவாரமும் இல்லை. மூன்றிலும் அழகானது அதுவே.

ரசனைக்காகவே பட்டம்போல ஒரு பெயரைப் பெற்றவர் தமிழ்நாட்டில் ஒருவர் உண்டு. ரசிகமணி என்று அறியப்பட்ட டி. கே. சிதம்பரநாத முதலியார் கவிஞராகவோ பாடகராகவோ புகழ் பெற்றவர் அல்லர். திருநெல்வேலியில் அவர் இல்லத்தில் நண்பர்கள் கூடிய இடம் வட்ட வடிவிலான தொட்டிக்கட்டாக இருந்ததால் அக்கூட்டத்துக்கே வட்டத்தொட்டி என்று பெயர் அமைந்தது. அங்கே கம்பன் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, பொருளும் ஓசையும் கேட்பவர் உள்ளத்தில் இறங்கும்வரை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டி, அதில் தாம் கண்டதை மற்றவரும் காணும்படி செய்வதே அவர் வேலையாக இருந்தது. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது அவர் அதன் முன்னணியில் நின்றதும், கேட்பவருக்குப் புரியாத மொழியில் பாடினால் பாட்டு பாதி வழியிலேயே நின்றுவிடும் என்ற கவலையோடு இயைந்ததே. அவருடைய நண்பரான கல்கி, கர்நாடகம் என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய இசை விமரிசனங்களும் இதே தொண்டைச் செய்தன. சென்னைச் சபாக்களின் வாசலையே மிதித்திராத வாசகர்கள் அவற்றின் வழியே கச்சேரிகளைக் கேட்டனர் என்று சொன்னால் மிகையில்லை.

வட்டத்தொட்டியில் இடம்பெறாதவர்களுக்கு அந்த வாய்ப்பை விரித்தது வானொலி. 1952இல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதியதாலும், திரைப்படத் தயாரிப்பாளர்களோடு ஏற்பட்ட பிணக்காலும், அகில இந்திய வானொலியிலிருந்து அப்பாடல்கள் ஏறக்குறைய மறைந்தே போயின. அந்த வெற்றிடத்தை நிரப்பியது கடல் கடந்த இலங்கை வானொலி. வானின் உயர் அடுக்கில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லக்கூடிய சிற்றலைகளின் வழியே கொழும்பிலிருந்து கிளம்பிய பாட்டு இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் எட்டியது. தமிழ்ச் சேவையில் எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் தமிழகத்து வீடுகளில் உறவினர் குரல்களைப்போல அடையாளம் காணப்பட்டன. காலை நேரத்துப் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி பல ஊர்களில் கடிகாரத்தின் வேலையையும் சேர்த்துச் செய்தது. நேயர்களை இழந்ததை உணர்ந்த இந்திய அரசு 1957 அக்டோபரில் விவித் பாரதி என்ற வானொலிச் சேவையைத் தொடங்கியது.

நேயர் விருப்பம் என்ற நிகழ்ச்சி வடிவம் இங்கே கூர்ந்து நோக்கத் தக்கது. ஒருவர் அஞ்சலட்டை வாங்கி, தமக்குப் பிடித்த பாட்டின் பெயரோடு தம் பெயரையும், வீட்டாரின் பெயர்களையும், ஊரையும் எழுதி அனுப்புகிறார்; வாரங்கள் கழித்து, சில வேளைகளில் அனுப்பியதே மறந்துபோன பிறகு, அப்பெயர்கள் வாசிக்கப்பட்டு அந்தப் பாட்டு ஒலிக்கிறது. தம் விருப்பம் முகம் அறியாத பல்லாயிரம் பேரின் காதில் விழுகிறது என்ற நிறைவே அந்த அஞ்சலட்டைக்குக் கிடைத்த கூலி. இந்திப் பாடல் நேயர்களிடையே இவ்வகையில் அழியாப் புகழ் பெற்ற ஊர், இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் கோடர்மா மாவட்டத்தில் உள்ள ஜும்ரி தலையா. அபிரகம் எனப்படும் மைக்கா வணிகத்தால் மட்டுமே அறியப்பட்டிருந்த அச்சிற்றூரிலிருந்து பாடல் விருப்பக் கடிதங்கள் இடைவிடாமல் சென்றுகொண்டிருந்ததால், நாடெங்கும் உள்ள நேயர்களுக்கு அப்பெயர் மனப்பாடமாகியது. அப்படி ஓர் ஊரே கிடையாது, அறிவிப்பாளர்கள் புனைந்த பெயர் அது என்று நம்பியவர்களும் இருந்தனர். பாடியவர் ஒருவரும் அங்கிருந்து வந்ததால் கிடைத்த புகழன்று அது. கேட்டவர்களாலேயே ஓர் ஊர் இசை வரலாற்றில் இடம் பெற்றது.

வானொலியில் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் கடைசி உரிமை நிலையத்தாரிடமே இருந்தது. அதைச் சாதாரண மனிதரின் கைக்கு மாற்றியது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய இந்தச் சிறு நாடாப்பேழை, இசைத்தட்டினின்றும் ஒரே ஒரு பண்பால் அடிப்படையிலேயே வேறுபட்டது: தட்டைக் கேட்க மட்டுமே முடியும், கேசட்டில் கேட்பவரே பதியவும் முடியும். 1980களில் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில்கூட பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. கடைக்காரர் இசைத்தட்டுகளை வாங்கி அடுக்கி வைத்திருப்பார். வாடிக்கையாளர் நோட்டுத்தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டுச் சில நாள் கழித்து வந்து வாங்கிப்போவார். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். திரைப்பாட்டு ஒன்று நான்கரை நிமிடம் என்று கொண்டால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, மிச்சமிருக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் எதைப் புகுத்துவது என்பது தனிக் கணக்கு.

அந்தத் துண்டுச்சீட்டை எழுதுவது லேசான காரியமாக இருந்ததில்லை. எந்தப் பாட்டு முதலில் வரவேண்டும், சோகப் பாட்டுக்கு அடுத்தது துள்ளலானதா அல்லது அதே மனநிலையை நீட்டிப்பதா, ஏ பக்கம் எதில் முடிந்தால் கேட்பவர் எழுந்து போய்க் கேசட்டைத் திருப்பிப் போடுவார் என்றெல்லாம் யோசித்துத்தான் வரிசை அமைக்கப்பட்டது. தோழிக்கோ, விடுதி அறைத் தோழருக்கோ, துபாய்க்கு வேலைக்குப் போகும் அண்ணனுக்கோ கொடுக்கப்பட்ட கேசட்டில் பாட்டுகள் பிறருடையவையாக இருந்தாலும் வரிசை கொடுத்தவருடையது. அட்டையில் பாட்டின் முதலடியும் படத்தின் பெயரும் கையெழுத்தில் நிரப்பப்பட்டன; மேல் விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் தடுப்பை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் தவறியும் பதிய முடியாது என்பதால், மிகப் பிடித்த கேசட்டுக்கு அந்தப் பாதுகாப்பும் செய்யப்பட்டது. இப்பண்பாட்டின் மறுபக்கத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இவ்வாறு படி எடுக்கப்பட்ட பாட்டுகளுக்காகப் பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ உரிமை வைத்திருந்த நிறுவனத்துக்கோ ஒரு காசும் சென்று சேரவில்லை. படைப்பாளியை நேசித்தவர்களே அறியாமல் அவருக்கு இழைத்த இழப்பு அது.

அந்த முரண்பாட்டை இசைக்குழு ஒன்றே முன்வந்து தீர்த்த ஒரு சான்று அமெரிக்காவில் கிடைக்கிறது. 1965இல் கலிபோர்னியாவில் உருவாகி 1995 வரை இயங்கிய கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு, ஒரே பாட்டை ஒவ்வொரு மேடையிலும் வேறுவேறாக விரித்து வாசிக்கும் இயல்புடையது. கற்பனாசுரத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு கச்சேரியும் தனித்துப் போற்றத்தக்கது என்று கருதிய ரசிகர்கள் ஒலிவாங்கிகளோடு அரங்குக்கு வந்தனர். குழு அவர்களைத் தடுப்பதற்கு மாறாக, 1984 முதல் அரங்கில் அவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. பதிந்ததை யாரும் விற்கக் கூடாது, படி கேட்பவர் வெற்று நாடாவையும் தபால் செலவையும் அனுப்பினால் போதும் என்பது ரசிகர்களே காத்த நெறி. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரி இவ்வாறு நாடா நாடாவாகப் பரவிப் புகழ் பெற்றது; பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

ஒருவர் ரசனை இன்னொருவரைத் தொற்றுவதை அளந்து பார்த்த ஆய்வும் உண்டு. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் நடத்தி 2006இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட சோதனையில், பெயர் அறியப்படாத குழுக்களின் 48 பாட்டுகள் 14,000க்கும் மேற்பட்டோருக்குக் கேட்கக் கொடுக்கப்பட்டன. ஒரு பிரிவினருக்குப் பாட்டுகள் மட்டும் தெரிந்தன. மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் தரவிறக்கினர் என்ற எண்ணிக்கையும் காட்டப்பட்டது. எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் புகழ் பெற்றவற்றுக்கும் பெறாதவற்றுக்கும் உள்ள இடைவெளி பெருகியது. ஓர் உலகில் உச்சிக்குப் போன பாட்டு இன்னோர் உலகில் நடுவிலேயே நின்றது. மிகச் சிறந்தவை அரிதாகவே அடியோடு விழுந்தன, மிக மோசமானவை அரிதாகவே நல்ல இடம் பெற்றன. இடைப்பட்ட பெரும்பகுதியின் தலையெழுத்தை முதலில் கேட்ட சிலரின் தேர்வே எழுதிவிட்டது. கூட்டத்தின் எண்ணிக்கையைப் பார்த்துக் கேட்பதற்கும், ஒருவர் தம் பொறுப்பில் ஒரு பாட்டைக் கொண்டுவந்து கொடுப்பதைக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே புலப்படுகிறது.

இன்று பாட்டுச் செயலிகள் செய்யும் பரிந்துரையும் எண்ணிக்கையின் வழிப்பட்டதே. ஒருவர் கேட்ட பாட்டுகளையே கேட்ட வேறு பலரைக் கண்டறிந்து, அவர்கள் கூடுதலாகக் கேட்டவற்றை இவர்முன் வைப்பது அதன் முதன்மையான முறைகளில் ஒன்று. அதனால் விளையும் நன்மை பெரிது. தேனியில் இருப்பவர் மாலி நாட்டுக் கோரா இசையைக் கேட்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பு வழியே இருந்ததில்லை. எனினும் கணக்கீட்டால் செய்ய இயலாத ஒன்று இருக்கிறது. பழகாத இசை முதல் கேள்வியில் அரிதாகவே பிடிக்கும். ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதாலேயே அதன்மேல் விருப்பம் வளர்கிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டினார். கேட்கக் கேட்கப் பிடித்துப்போகும் என்று நம் வீடுகளில் சொல்லிவருவதும் அதைத்தான். செயலி தந்த பாட்டை அரை நிமிடத்தில் தள்ளிவிடும் விரல், மதிப்புக்குரிய நண்பர் தந்த பாட்டை இன்னொரு முறை ஓடவிடுகிறது. அந்த இரண்டாவது கேள்வியைப் பெற்றுத் தருவதே பகிர்பவர் செய்யும் உதவி.

இதற்கு நேர்மாறான ரசிகர்களும் இருக்கிறார்கள். தாம் முதலில் கண்டுபிடித்த இசையை ஊரே கேட்கத் தொடங்கினால் மனம் சுருங்குபவர்களும், புதிதாக வந்தவரிடம் ராகத்தின் பெயரையும் படம் வெளிவந்த ஆண்டையும் கேட்டுத் தகுதி பார்ப்பவர்களும், ஓர் இசையமைப்பாளரைப் போற்றுவதற்கு இன்னொருவரைத் தூற்றியாகவேண்டும் என்று எண்ணுபவர்களும் எல்லாத் தலைமுறையிலும் காணப்படுகின்றனர். நேசத்தின் மிகுதியே அவர்களை அங்கே கொண்டு நிறுத்துகிறது என்பது உண்மை. ஆயினும் வாசலில் நின்று வழிமறிப்பவரால் அந்த இசைக்கு ஒரு செவியும் கூடுவதில்லை.

கருநாடக இசையில் இந்த வழிமறிப்பின் மறுமுனையைக் காணலாம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், சற்றுக் கூடினால் மூன்றரை நிமிடம் மட்டுமே அடங்கியதால், ஒரு வித்துவான் அரைமணி நேரம் ஆலாபனை செய்த விதத்தை அதிலிருந்து அறிய இயலாது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடந்த முழுநீளக் கச்சேரிகள் பல இன்று கேட்கக் கிடைப்பதற்குக் காரணம், கனமான ஸ்பூல் பதிவுக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு திருமண வீட்டுக் கச்சேரிகளுக்கும் சபாக்களுக்கும் சென்றவர்களும், வானொலிக் கச்சேரிகளை வீட்டிலிருந்தபடியே நாடாவில் பிடித்து வைத்துக் கேட்டவர்க்கெல்லாம் படி எடுத்துக் கொடுத்தவர்களுமே. அவற்றுள் பலவற்றில் பதிந்தவர் பெயர் இல்லை. சுரம் பாடும்போது நடுவில் நாடா தீர்ந்து, புதிது மாற்றும்வரை சில ஆவர்த்தனங்கள் விடுபட்டிருக்கும். ஒலிவாங்கிக்கு மிக அருகில் அமர்ந்த ஒருவர் தொடையில் தாளம் போடும் ஓசையும், நல்ல சங்கதி ஒன்று விழும்போது அடங்காமல் எழும் அவருடைய ஆஹாவும் பாடகரின் குரலோடு கலந்து கேட்கும்.