செஞ்சிக் கோட்டையும் மாளிகைக்குள் ஏறிய நீரும்

விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் நீர்விளையாட்டு நிலையங்களுக்குச் செல்லுதல் இக்காலத்துப் பெருவழக்காகிவிட்டது. குளிர்மிக்க தேசங்களில் இவை கூரையின் கீழும் அமைந்துள்ளன. கானடாவின் எட்மண்டன் நகரில் 1986-ஆம் ஆண்டு அங்காடி மாளிகை ஒன்றினுள்ளேயே பெரியதொரு நீர்விளையாட்டு நிலையம் திறக்கப்பட்டது. ஜப்பானின் மியாசாக்கியில் 1993-இல் திறக்கப்பட்ட நிலையமோ திறந்து மூடும் கூரையும் செயற்கைக் கடற்கரையும் உடையதாய் விளங்கி, 2007-இல் மூடப்பட்டது.

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையில் அத்தகைய விளையாட்டு நிலையம் இல்லை. ஆயினும், நீரைக் கூரையின் கீழ் வரவழைத்து வேனிலின் வெம்மையைத் தணித்துக்கொள்ளும் கலை அவ்வூர்க்குப் புதியதன்று. ஒரு நாட் பயணமாகக் குடும்பத்துடன் அங்குச் செல்வோர் இதனைக் கண்கூடாகக் காணலாம்.

இராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகால் என்னும் மாளிகை நிற்கின்றது. அரச குடும்பத்துப் பெண்டிர்க்கென அமைந்தது இது என்பர். நாற்புறமும் தாழ்வாரங்கள் சூழ்ந்த முற்றத்தின்கண், அடுக்கடுக்காய் உயர்ந்து கூம்பிய முடியுடன் ஒரு கோபுரம் காணப்படும். அதன் ஒவ்வொரு நிலையிலும் சிறிய சதுர அறையும், அதனைச் சுற்றி வளைவுகளுடைய நடையும் உள. சுமார் 500 கெஜ தூரத்திலுள்ள நீர்த்தேக்கத்தினின்று சுட்ட மண் குழாய்களின் வழியே இம்மாளிகைக்கு நீர் கொண்டுவரப்பட்டதென்றும், அது ஆறாம் நிலை வரை ஏறியதென்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

நீர் மேலே ஏறுவது எங்ஙனம்? நம் வீடுகளில் முன்னர் வழங்கிய மூக்குடைய கெண்டியை நினைக்க. அதன் வயிற்றில் நீர் எவ்வளவு உயரம் நிற்கின்றதோ, மூக்கிலும் அவ்வளவே நிற்கும். குழாயின் இயல்பும் இதுவே. ஆகவே, நீர் தானாக ஆறாம் நிலைக்கு ஏறவேண்டுமாயின், அது புறப்படும் இடம் அந்நிலையினும் உயர்ந்திருத்தல் வேண்டும். அன்றேல், ஆளோ மாடோ இழுத்து அதனை முன்னரே உயரத்தில் சேர்த்திருத்தல் வேண்டும். அன்றியும், நீரின் உயரம் 10 மீட்டர் மிகுந்தால், குழாயின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையின் அழுத்தம் கூடும். ஒரு குழாயை மற்றொன்றோடு பொருத்திய மூட்டு சிறிது பழுதுபடினும் நீர் அங்கே பீறிட்டுப் போகும். மண் குழாய்களைக் கொண்டு இதனை முடித்தவர்களுடைய கைத்திறம் சாமானியமானதன்று.

மியாசாக்கியின் கூரைக்கும் செஞ்சியின் கூரைக்கும் நோக்கம் வேறு. அங்கே கூரை, நீரின் வெப்பம் வெளியே போகாமல் காத்தது. காற்றைச் சுமார் 30 பாகை வெப்பத்தில் வைத்திருந்தனர். செஞ்சியிலோ வெப்பத்தைப் போக்குதலே வேண்டுவது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகுங்கால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைச் சுற்றுப்புறத்தினின்று கவர்ந்துகொள்ளும். ஆதலின், நீர் தெளித்த தரையின்மீது வளைவுகளின் வழியே காற்று வீசுமாயின், அறை குளிரும். இக்காலத்து நிலையங்களில் மின்விசைப் பம்புகள் நீரைச் சறுக்குமேடையின் உச்சிக்கு ஏற்றுகின்றன. விழுந்த நீரை மணலில் வடித்துக் குளோரின் சேர்த்து மீண்டும் அனுப்புகின்றன. மின்சாரம் நின்றால் விளையாட்டும் நிற்கும்.

செஞ்சியின் நீர் இன்பத்திற்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை. 1690 முதல் 1698 வரை ஜுல்பிகார் கான் தலைமையில் மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டது. மராட்டிய மன்னர் இராஜாராம் உள்ளே இருந்தார். மதில் எவ்வளவு உயர்ந்ததாயினும், உள்ளே நீர் இல்லையேல் முற்றுகையைத் தாங்கல் ஒண்ணாது. சுமார் 800 அடி உயர்ந்த இராஜகிரியில் இனிய ஊற்றுநீரும் மழைநீரைத் தேக்கிய சுனைகளும் இருந்தன. அடிவாரத்தில் ஆனைக்குளம், செட்டிகுளம், சக்கரகுளம் முதலியன உள்ளன. வெறும் பாறை மழைநீரை உறிஞ்சாது வழியவிடும். வழிந்ததைத் தேக்கினோர்க்கு அப்பாறையே வயலினும் பயன் தந்தது. பெண்டிர் நீராடுதற்கும் வீரர் நீர்வேட்கை தணித்தற்கும் வேண்டிய நீரெல்லாம் முதற்கண் மழையினின்றே வந்தது. அதனைச் சேமித்த பின்னரே அவர்கள் செலவிட்டனர்.

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. அவற்றுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. இனி அங்கு வருவோர் தொகை பெருகக்கூடும். ஆதலின் நண்பர்களே, குடும்பத்துடன் செல்வீராயின் வெயில் ஏறுமுன்னரே இராஜகிரியில் ஏறத் தொடங்குங்கள். குடிநீரை உடன் கொண்டு செல்லுங்கள். வெறும் புட்டிகளைச் சுனையில் எறியாது திரும்பக் கொணருங்கள். இறங்கியபின் சிறுவரைக் கல்யாண மகாலின் நிழலில் அமர்த்தி, மலையையும் குளத்தையும் காட்டி, "இந்த நீர் எங்கிருந்து வந்து எவ்வாறு மேலே ஏறியிருக்கும்?" என்று வினவுங்கள். அவர்களே விடை தேடட்டும். வீட்டுக் குழாயைத் திறக்கும்போதும் அவ்வினா அவர்கள் நெஞ்சில் எழுமாயின், அப்பயணம் பயனுடைய பயணமேயாகும்.