உஷார்! எக்ஸ்ரே நார்மல் என்று ஏமாந்துவிடாதீர்கள்!

"வயசாச்சு, மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்கிறீர்களா? வேண்டாம்! நுரையீரல் கணிசமாகப் பழுதான பிறகுதான் பலருக்கு மூச்சிரைப்பே தெரியவரும்.

தெரிந்த ஓர் அம்மா. வீட்டில் யாருக்கும் புகைப் பழக்கம் கிடையாது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து விறகடுப்புதான். காலையில் எழுந்ததும் இருமல், சளி. கஷாயம் குடித்தார், டானிக் குடித்தார். எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். 'நார்மல்' என்றதும் வீடே நிம்மதியாகிவிட்டது. ஒருநாள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தவர், நாலு எட்டு நடக்க முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் ஊதிப் பார்க்கும் டெஸ்ட். சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்! மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகக் குறுகிவிட்டன. மருந்தால் மூச்சிரைப்பைக் குறைக்கலாம். கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது.

காற்று எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதை எக்ஸ்ரே காட்டாது. ஸ்பைரோமெட்ரி என்கிற அந்த ஊதும் டெஸ்ட்தான் காட்டும்.

மூக்கில் கிளிப் மாட்டுவார்கள். மூச்சை முழுக்க இழுத்து, குழாயை உதட்டால் இறுக்கிக் கவ்வி, பலம் கொண்ட மட்டும் ஊதவேண்டும். ஊதியதும் விட்டுவிடாதீர்கள்! காற்று தீரும்வரை, சுமார் 6 விநாடி, விடாமல் ஊதவேண்டும். குறைந்தது 3 முறை. பாதியில் நிறுத்தினால் மொத்தக் காற்று குறைவாகப் பதிவாகும். ரிப்போர்ட் நன்றாக இருப்பதுபோல் தெரியும். நோய் தப்பிவிடும்!

மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அலுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஆஸ்துமாவா, சி.ஓ.பி.டி.யா என்று பிரித்தறிய உதவுவதே அதுதான். மருந்துக்குப் பிறகும், முதல் விநாடியில் வரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

சமீபத்தில் மாரடைப்பு, கண் ஆபரேஷன், சளியில் ரத்தம்... இவற்றில் எது இருந்தாலும் ஊதுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மறைத்தால் ஆபத்து! இன்ஹேலரை எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவே கூடாது.

வாரக்கணக்கில் விடாத இருமலா? விசில் மாதிரி மூச்சுச் சத்தமா? கூட நடப்பவர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லையா? பீடி, சிகரெட், விறகுப் புகை, ஆலைத் தூசி என்று வருஷக்கணக்கில் சுவாசித்தவரா? "எனக்கு ஊதுற டெஸ்ட் வேணுமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மூச்சு முட்டினாலோ, டெஸ்ட்டுக்கு நாள் பார்க்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்!