'அக்கா, கிணறு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?' - மேப்பை மறைத்து விளையாடும் ஞாயிற்றுக்கிழமைகள்

ஞாயிறு இரவு எட்டரை மணி. துறையூரில் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் சின்னக்குட்டி ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏழாம் வகுப்பு. ஃபோன் திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் தோசைக்கல் அளவு வெளிச்சம். அதற்குள் ஒரு வண்டித்தடமும் பாதி புளியமரமும் தெரிகின்றன. விரலால் தன் பொம்மையை ஒரு கட்டம் நகர்த்துகிறாள். வெளிச்ச வட்டமும் கூடவே நகர்கிறது. மீதிப் புளியமரம் தெரிகிறது.

அவளுடைய அண்ணன் திருச்சி ஹாஸ்டலில் இருந்து ஆடுகிறான். பெரியப்பா மகன் பெங்களூரில், ஐ.டி வேலை. நான் சென்னையில், லேப்டாப்பின் முன்னால். கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் அந்த மேப்பை வரைந்ததே நான்தான்.

இதற்குப் பெயர் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யலாம் என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். அந்தக் காலத்தில் கதைசொல்லி வாயால் வர்ணிக்க, ஆடுபவர்களில் ஒருவர் கணக்கு நோட்டுக் கட்டத்தில் மேப்பை வரைந்துகொண்டே போவார். இப்போது அந்த மேஜை ஃபோனுக்குள் வந்துவிட்டது. ரோல்20, ஃபவுண்ட்ரி, அவுல்பேர் ரோடியோ என்று பல தளங்கள். நாங்கள் ஆடுவது அவுல்பேரில். இலவசமாக ஆரம்பிக்கலாம், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். சித்தியின் பழைய ஃபோனிலும் ஓடுகிறது.

நம் வீட்டுப் பரமபதத்தை நினைத்துப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் பாம்பு, எந்தக் கட்டத்தில் ஏணி என்பது முதலிலேயே தெரியும். தெரியாதது தாயம் மட்டும்தான். இந்த விளையாட்டில் பலகையே தெரியாது. அதனால்தான் சண்டையும் அதிகம்.

எங்கள் கதை நடப்பது 1752 ஏப்ரலில், சமயபுரத்தில். மாசி, பங்குனியில் எங்கள் பக்கத்து ஜனங்கள் மஞ்சள் துணி உடுத்தி நடந்தே போகிற அதே சமயபுரம்தான். அந்த வருடம் அங்கே ராபர்ட் கிளைவ் முகாம் போட்டிருந்தார். பிள்ளைகள் மூவரும் கிளைவ் பக்கமும் இல்லை, பிரெஞ்சுக்காரர் பக்கமும் இல்லை. அவர்கள் ஒரு வண்டிக்காரக் குடும்பம். முகாமுக்காக யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்ட இரண்டு உழவு மாடுகளை இரவோடு இரவாக மீட்டுவர வேண்டும். மாடும் குடும்பமும் என் கற்பனை. முகாமும் அந்த இரவும் நிஜம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கறுப்புப் போர்வை

மேப்பின் மேல் போடும் கறுப்புக்கு 'ஃபாக் ஆஃப் வார்' என்று பெயர். போர்க்களத்து மூடுபனி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இதில் இரண்டு வகை. முதல் வகையில் கதைசொல்லியே கையால் திறப்பார். மேப் முழுக்கப் போர்வை. ஆட்கள் ஒரு அறைக்குள் நுழைந்தால் அந்த அறை அளவுக்குப் போர்வையை வெட்டி எடுத்துவிட வேண்டும். இரண்டாவது வகை தானாகத் திறப்பது. சுவர் எங்கே, கதவு எங்கே என்று முன்கூட்டியே கோடு போட்டுவிட்டால், பாத்திரம் நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டுவதை மட்டும் மென்பொருளே கணக்குப் போட்டுக் காட்டும். தீப்பந்தம் வைத்திருப்பவனுக்குக் கொஞ்சம் தூரம் தெரியும். பந்தம் இல்லாதவனுக்கு ஒன்றும் தெரியாது. தூணுக்குப் பின்னால் நிற்கிற ஆளும் தெரியமாட்டான்.

பல தளங்களில் நடுவே சாம்பல் நிறம் ஒன்றும் உண்டு. முன்பு போய்வந்த இடம், ஆனால் இப்போது கண்ணுக்குத் தெரியாத இடம். சுவரும் மரமும் நினைவில் இருக்கும். அங்கே இப்போது யார் நிற்கிறார்கள் என்பது தெரியாது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சாம்பல்தான். லீவுக்கு ஊருக்குப் போகும்போது துறையூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள தெருக்கள் எனக்கு அப்படித்தான் இருக்கின்றன. கடை இருக்கும் இடம் தெரியும், கடை இருக்கிறதா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மேப்பை நான் சார்ட் பேப்பரில் வரைந்து ஃபோட்டோ எடுத்து ஏற்றினேன். இரண்டு கோயில்கள், நடுவே சாலை, ஒரு சத்திரம், தோப்பு, வயல். வயலின் ஓரத்தில் ஒரு மொட்டைக் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. பிள்ளைகளைப் பயமுறுத்த நான் வைத்த அயிட்டம் அது. சாமர்த்தியமாக வைத்ததாகத்தான் அப்போது நினைத்தேன்.

கிணற்றில் விழுந்தாள்

மூன்றாவது ஞாயிறு. காவலாளிகள் வருவதாக நான் சொன்னதும் சின்னக்குட்டி பந்தத்தை அணைத்துவிட்டு வயல் வழியாக ஓடினாள். நல்ல முடிவு. ஒரு கட்டம், இரண்டு கட்டம், மூன்றாவது கட்டத்தில் கிணறு. பகடையை உருட்டச் சொன்னேன். இருபது முகப் பகடையில் 2 விழுந்தது. கால் ஒடிந்துவிட்டது, இனி இந்த இரவு முழுக்க நீ ஆட முடியாது என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள். "இருட்டுன்னு தெரியும்க்கா. கிணறு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதுதான் விளையாட்டு என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவள் லைனைத் துண்டித்தாள். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. சித்தி ஃபோன் செய்து, "என்னடி பண்ணித் தொலைச்சே, புள்ள அன்னிக்கு சாப்பிடாமலே படுத்துட்டா" என்று என்னைத்தான் திட்டினார்.

சித்தப்பாவிடமும் விஷயம் போயிருக்கிறது. அவர் விவசாயி. இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கிணற்றைப் பற்றித் தெரியும். ஃபோனை வாங்கி என்னிடம் சொன்னார். "ஏம்மா, இருட்டுல மொட்டைக் கிணத்துக்கிட்ட போனா தெரியாமயா போயிடும்? தவளை கத்தும். தண்ணி வாசம் வரும். சுத்தி மண்ணு ஈரமா இருக்கும், கால்ல படும். நீ இது ஒண்ணாச்சும் சொன்னியா?"

சொல்லவில்லை. திரை கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் மறைக்கிறது. நானோ காதுக்கும் மூக்குக்கும் காலுக்கும் சேர்த்துப் போர்வை போட்டிருந்தேன். படம் கறுப்பாக இருந்தால் என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

இதே மாதத்தில் எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் நடந்தது. பெங்களூர் அண்ணன் எந்தச் சந்தில் திரும்பினாலும் சரியாகவே திரும்பிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம். கேட்டதும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பல தளங்களில் போர்வை போட்டாலும் முழுப் படமும் ஆடுபவரின் கருவிக்கு வந்துவிடுகிறது. அங்கேதான் மேலே கறுப்புப் பூசப்படுகிறது. பிரவுசரில் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தவர் படத்தைத் தனியாகத் திறந்துவிடலாம். அவர் திறந்திருக்கிறார். "சும்மா டெஸ்ட் பண்ணேன்" என்றார். அதிலிருந்து முக்கியமான ரகசிய இடங்களைத் தனிப் படமாக வைத்துக்கொள்கிறேன். அங்கே போகும்போதுதான் ஏற்றுவேன். ஆனாலும் தங்கை கிணற்றில் விழுவது தெரிந்தே இவர் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பதை அவள் இன்னும் மறக்கவில்லை. வீட்டு விசேஷத்தில்தான் தீர வேண்டும்.

இங்கிலீஷில் வந்த பதில்

சித்தப்பா சொன்னதற்குப் பிறகு நான் சமயபுரத்து நிஜ இரவைத் திரும்பப் படித்தேன். இந்த விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான சம்பவம் கிடைப்பது கஷ்டம்.

அன்று திருச்சிக் கோட்டை முகமது அலியின் கையில். அவருக்கு ஆங்கிலேயர் துணை. முற்றுகையிட்டவர் சந்தா சாகிப். அவருக்கு பிரெஞ்சுக்காரர் துணை. பிரெஞ்சுத் தளபதி ழாக் லா பின்வாங்கி ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். அவருக்குப் புதுச்சேரியிலிருந்து உதவி வரும் வழியை அடைக்கத்தான் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் கிளைவ் இருந்தார். அவருக்கு வயது 26.

உதவிப்படை ஊட்டத்தூர் வரை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு கிளைவ் அதை மறிக்கக் கிளம்பினார். அந்தப் படை பின்வாங்கிவிட்டதால் உடனே சமயபுரத்துக்குத் திரும்பினார். லாவுக்குக் கிடைத்தது பாதிச் செய்திதான். கிளைவ் போனது தெரியும், திரும்பியது தெரியாது. எங்கள் மேப்பின் சாம்பல் நிறம் இதுதான். காலி முகாம் என்று நம்பி 80 ஐரோப்பியர்களையும் 700 சிப்பாய்களையும் இரவில் அனுப்பினார். அந்த 80 பேரில் 40 பேர் ஆங்கிலேயப் படையை விட்டு ஓடிவந்தவர்கள்.

காவலாளிகள் தடுத்தபோது அந்த ஓடிவந்தவர்களின் தலைவன், அயர்லாந்துக்காரன், இங்கிலீஷிலேயே பதில் சொன்னான். மேஜர் லாரன்ஸ் அனுப்பிய கூடுதல் படை நாங்கள் என்றான். இருட்டில் முகம் தெரியவில்லை, பேச்சு நம் பேச்சாக இருந்தது, விட்டுவிட்டார்கள். முகாமுக்குள் வந்தவர்கள் கிளைவ் படுத்திருந்த சத்திரத்தை நோக்கிச் சுட்டார்கள். கிளைவ் எழுந்து ஓடிவந்தார். சுடுவது தன்னுடைய சிப்பாய்கள்தான், பயத்தில் கண்டபடி சுடுகிறார்கள் என்று நினைத்து, எதிரிச் சிப்பாய்களுக்கு நடுவிலேயே புகுந்து திட்டி நிறுத்தப் பார்த்தார். ஒருவன் வாளால் வெட்டிய பிறகுதான் யாரென்று புரிந்தது.

விடிந்ததும் நிலைமை மாறியது. கோயிலுக்குள் அடைபட்ட ஐரோப்பியர்கள் சரணடைந்தார்கள். தப்பியோடிய சிப்பாய்களை மராட்டியக் குதிரைப்படை துரத்தி வெட்டியது. அதே ஆண்டு ஜூனில் ஸ்ரீரங்கத்தில் லாவும் சரணடைந்தார். சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

எனக்கு இதில் உறைத்தது ஒன்றுதான். அன்று இரவு யாரும் ஒன்றும் தெரியாமல் முடிவெடுக்கவில்லை. காவலாளிக்கு ஒரு குரல் கேட்டது. லாவுக்கு ஒரு செய்தி கிடைத்தது. கிளைவுக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. கையில் கிடைத்த துப்பை வைத்து யோசித்தார்கள், தப்பாக யோசித்தார்கள். சின்னக்குட்டிக்கு நான் யோசிக்க ஒன்றுமே கொடுக்கவில்லை.

இதை விளையாட்டாக ஆக்கியவர்களும் ராணுவத்தார்தான். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824-ல் 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் விளையாட்டை வெளியிட்டார். இரண்டு தரப்பும் நடுவரிடம் உத்தரவு மட்டும் கொடுப்பார்கள். எதிரியின் கண்ணில் படும் படைகளை மட்டும் நடுவர் மேப்பில் வைப்பார். இன்று கணினி செய்வதை அன்று ஓர் ஆள் செய்தார்.

தவளைச் சத்தம்

இப்போது நான் மேப் வரையும்போதே பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்கிறேன். கறுப்பாக இருக்கும் ஒவ்வொரு ஆபத்துக்கும் நேராக, அருகில் போனால் என்ன கேட்கும், என்ன வாசம் வரும் என்று எழுதுகிறேன். ஆபத்து எவ்வளவு பெரியதோ அவ்வளவு சீக்கிரம் துப்பு வர வேண்டும். எழுத எதுவும் தோன்றவில்லையென்றால் அந்த ஆபத்தை எடுத்துவிடுகிறேன். அப்படி எடுத்தவை நிறைய. தானாகத் திறக்கும் வகையை விட்டுவிட்டுக் கையால் திறப்பதற்கே திரும்பிவிட்டேன். மென்பொருள் கோடு போட்டபடி சட்டென்று திறந்துவிடுகிறது. கையால் திறந்தால், ஒரு நொடி நிறுத்தி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் திறக்கலாம்.

வீட்டில் ஆட நினைப்பவர்களுக்கு நெட்டே வேண்டாம். சார்ட் பேப்பரில் மேப் வரைந்து, மேலே பழைய காலண்டர் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டி மூடிவிடுங்கள். போகப் போக ஒவ்வொன்றாக எடுங்கள். ஃபேனை மட்டும் நிறுத்திவிட வேண்டும். நாங்கள் தீபாவளி லீவில் அப்படித்தான் ஆடினோம். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து காலண்டர் தாளில் ராகுகாலம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னக்குட்டி மூன்றாவது ஞாயிறு திரும்பி வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். கால் ஒடிந்ததை ரத்து செய்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நொண்டிக்கொண்டே ஆடுவாளாம். ஒரு நாளைக்கு ஒரு கட்டம் குறைவாகத்தான் நகர முடியும். சரி என்றேன்.

அன்று அவர்கள் மாட்டுக் கொட்டகையை நெருங்கியிருந்தார்கள். முன்னால் முழுக்கக் கறுப்பு. அண்ணன்மார்கள் இருவரும் "போ, போ" என்கிறார்கள். இவள் நகரவே இல்லை.

"அக்கா, என்ன சத்தம் கேக்குது?"

மாட்டுக் கழுத்து மணி என்றேன். கொஞ்சம் தள்ளி இரண்டு பேர் மெதுவாகப் பேசுகிறார்கள்.

"எந்த பாஷையில?"

இங்கிலீஷ் என்றேன்.

ஃபோனைக் கீழே வைத்துவிட்டு அவள் சித்தப்பாவைக் கூப்பிடும் சத்தம் எனக்கு இங்கே கேட்டது. "அப்பா, நம்ம மாடு நம்ம குரலுக்கு மட்டும் வருமா, யார் கூப்பிட்டாலும் வருமா?"