விவரம் தெரிந்தவன் விரிக்கும் வலை

2020 ஜூலை 15. பராக் ஒபாமா, ஜோ பைடன், பில் கேட்ஸ், எலான் மஸ்க் என்று உலகறிந்தவர்களின் ட்விட்டர் கணக்குகளில் ஏறக்குறைய ஒரே அறிவிப்பு: ‘இந்த முகவரிக்கு பிட்காயின் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் தருகிறேன்.’ சில மணி நேரத்திலேயே ஒரு லட்சம் டாலருக்கு மேல் பறிபோனது. முக்கியக் குற்றவாளியாகப் பிடிபட்டவன், ஃபுளோரிடாவின் டாம்பா நகரைச் சேர்ந்த 17 வயதுப் பையன்.

அவனுடைய கூட்டத்துக்கு வாசல் திறந்துவிட்டவை தொலைபேசி அழைப்புகள். கொரோனா காலம், ட்விட்டர் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். விபிஎன் இணைப்பு அடிக்கடி மக்கர் செய்யும். ‘ஐடி பிரிவிலிருந்து பேசுகிறோம், விபிஎன் பிரச்சினையைச் சரிசெய்கிறோம்’ என்று சொல்லி, அசல் போலவே இருந்த போலித் தளத்துக்கு அனுப்பினார்கள். ஊழியர் அங்கே பாஸ்வேர்டைத் தட்டத் தட்ட, அதையே உண்மையான தளத்தில் இவர்கள் தட்டினார்கள். ‘உள்ளே வருவது நீங்கள்தானா?’ என்ற கேள்வி ஊழியரின் கைபேசிக்குப் போனது. சிலர் ‘ஆம்’ என்றார்கள்.

அவர்கள் ஏன் நம்பினார்கள்? நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறையின் விசாரணை அறிக்கை இதற்கு விடை தருகிறது. ஊழியர்களைப் பற்றிய சொந்த விவரங்களை முன்கூட்டியே திரட்டி வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார்கள். ஃபிஷிங் மோசடியின் உயிர்நாடி இதுதான் என்பேன். லிங்க் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பே நம்மைப் பற்றிய ஏதோ ஒன்று அவர்கள் கைக்குப் போயிருக்கும்.

எல்லாவற்றையும் நாமே கொடுத்துவிடுவதில்லை. 2021 ஏப்ரலில் ஏறத்தாழ 53 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் பெயர், கைபேசி எண் உள்ளிட்ட விவரங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. பாஸ்வேர்டு அதில் இல்லை. ஆனால், முன்பின் தெரியாத ஒருவன் உங்கள் எண்ணுக்கு அழைத்துப் பெயர் சொல்லிப் பேச அது போதும். இதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் மெட்டா நிறுவனத்துக்கு 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. கசிந்த எண்களைத் திரும்பப் பெற எந்த அபராதத்தாலும் முடியாது.

மீதியை நாம் தருகிறோம். பணம் பிடித்துவிட்டார்கள் என்று வங்கியின் சமூக ஊடகப் பக்கத்தில் கோபமாக எழுதுகிறோம், கூடவே கைபேசி எண்ணையும் போடுகிறோம். வங்கியின் சின்னத்தை ஒட்டிக்கொண்ட போலிக் கணக்கு ஒன்று, ‘வருந்துகிறோம், இந்தப் படிவத்தை நிரப்புங்கள்’ என்று வந்து நிற்கிறது. பிரச்சினை என்னவென்று நாமே சொல்லிவிட்டதால், வந்தவன் மேல் சந்தேகமே எழுவதில்லை. யாருக்கும் வரக்கூடிய ஏமாற்றம் இது. ஏமாந்தவரைப் ‘படித்தவர்தானே’ என்று குத்திக்காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் புகார் கொடுக்காமல் விடுகிறார்கள்.

ஆகவே, நம் விவரம் தெரிந்திருப்பதை ஒருவரின் அடையாளச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஏடிஎம் அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலான பாஸ்கீ வசதி தரும் தளங்களில் அதற்கு மாறிவிடுங்கள். ஓடிபியை ஏமாந்து யாரிடமாவது சொல்லிவிட வாய்ப்பு உண்டு. பாஸ்கீயோ எந்தத் தளத்துக்காக உருவானதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும், போலித் தளத்தில் செல்லாது.

வாட்ஸ்அப்பில் நடப்பது இன்னும் எளிய தந்திரம். ‘தெரியாம உங்க நம்பருக்கு ஆறு இலக்க கோடு அனுப்பிட்டேன், கொஞ்சம் சொல்லுங்க’ என்று சித்தப்பாவின் எண்ணிலிருந்து செய்தி வரும். சித்தப்பாவின் கணக்கு ஏற்கெனவே திருடு போயிருக்கும், அடுத்தது உங்களுடையது. சொல்லிவிட்டீர்களா? பதற வேண்டாம். உங்கள் கைபேசியில் அதே எண்ணை மறுபடி பதிவுசெய்து, புதிதாக வரும் கோடைக் கொடுங்கள். திருடன் வெளியேற்றப்படுவான். அவன் ரகசிய பின் எண் வைத்திருந்தால், கணக்கு உங்கள் கைக்கு வர 7 நாள் ஆகும். ஆனாலும் அவனால் அதைப் பயன்படுத்த முடியாது. அதற்குள் குடும்பக் குழுக்களில் யாரும் பணம் அனுப்பாதபடி வேறு எண்ணிலிருந்து சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். திருடன் கணக்கிலிருந்து அது எடுக்கப்படுவதற்கு முன்பு புகார் போய்ச் சேர்ந்தால் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.