தவிப்பைத் தணிக்க ஒரு காந்தச் சுருள்

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு இன்ஹேலர் இழுத்துவிட்டு, சற்று நேரத்தில் சிகரெட்டைப் பற்றவைப்பவர்கள் உண்டு. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்ட பிறகும் புகைப்பவர்கள் உண்டு. வீட்டார் இதைப் பிடிவாதம் என்கிறார்கள். புகை தன்னை என்ன செய்கிறது என்பது நோயாளிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் விட முடியாமல் தவிப்பவரை மேலும் திட்டுவதால் பயனில்லை. அந்தத் தவிப்பு மூளையில் எங்கே பிறக்கிறது என்று தேடிப்போன ஆய்வுகள் ஒரு கருவியில் கொண்டுவந்து விட்டிருக்கின்றன.

விட்டால் கிடைக்கும் பலன் பெரிது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5,887 புகைப்பவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த நுரையீரல் ஆய்வில், புகையை விட்ட ஆண்களின் மூச்சுத்திறன் ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர்தான் குறைந்தது. தொடர்ந்து புகைத்த ஆண்களுக்கோ அது 66 மில்லிலிட்டர்.

கருவிக்கான துப்பு, பக்கவாதம் வந்தவர்களிடமிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மூளைக் காயமடைந்த புகைப்பவர்களை ஆராய்ந்தவர்கள் 2007இல் ஒரு விந்தையான செய்தியை வெளியிட்டார்கள். நெற்றிப்பொட்டுக்குப் பின்னால், மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பகுதி இன்சுலா. அது பாதிக்கப்பட்ட 19 பேரில் 13 பேர் புகைப்பதை நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் 12 பேருக்கு அது எளிதாக, உடனே நடந்திருந்தது. மீண்டும் புகைக்க வேண்டும் என்ற உந்துதலே எழவில்லை. உடலுக்குள் நடப்பதை உணரவைக்கும் பகுதி இன்சுலா. நிகோடினுக்கான ஏக்கத்தையும் அது உடல் தேவைபோலவே உணரவைக்கிறது.

அந்த இடத்தைக் கத்தி வைக்காமல் எட்ட முடியுமா?

மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டினார். மூளையும் மின்சாரம் கடத்தும் திசுதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவரது குழுவினரும் 1985இல் ஒருவரின் தலைக்கு மேல் ஒரு சுருளை வைத்துத் துடிப்பு கொடுத்தபோது, அவரது கை அசைந்தது. பின்னர் அபிரகாம் ஸாங்கன், இஃப்டாக் ராத் ஆகியோர் இன்னும் ஆழமாகச் செல்லும் எச்-சுருளை உருவாக்கினர். அதைத் தலைக்கவசம்போல அணிவிக்கிறார்கள்.

சிகிச்சை பெறுபவர் விழித்தபடி நாற்காலியில் அமர்ந்திருப்பார். முதலில் கைவிரல் துடிக்கும் அளவைப் பார்த்து அவருக்கேற்ற வலிமையைக் கணிக்கிறார்கள். அடுத்து, புகைக்கும் ஆசையை வேண்டுமென்றே கிளப்புகிறார்கள். அதற்குத் தொடர்புடைய நரம்புகள் விழித்திருக்கும்போதே துடிப்புகள் போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். பிறகு டக் டக் என்ற ஓசையோடு, நொடிக்கு 10 வீதம் 3 நொடி துடிப்பு, நீண்ட இடைவேளை, மீண்டும் துடிப்பு. ஓசைக்காகக் காதில் அடைப்பான் உண்டு. தலைவலியே அதிகம் சொல்லப்படும் தொந்தரவு.

14 மையங்களில் 262 பேரிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2021இல் வெளியாயின. மூன்று வாரம் வேலை நாட்களில் தினமும் ஒன்று, அடுத்த மூன்று வாரம் வாரத்துக்கு ஒன்று எனச் சிகிச்சை. ஒரு பாதிப் பேருக்கு மூளையைத் தூண்டாத போலிக் கவசம். 18ஆம் வாரத்துக்குள் தொடர்ந்து நான்கு வாரம் புகைக்காமல் இருந்தவர்கள் உண்மைச் சிகிச்சையில் 19.4 சதவீதம், போலியில் 8.7 சதவீதம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 ஆகஸ்ட்டில் இதற்கு இசைவு தந்தது. அதுவும் குறுகிய காலத்தில் விடுவதற்கான துணையாக மட்டும்.

ஐந்தில் ஒருவர் என்பது அற்புதம் அல்ல. ஆனால் பலமுறை விட முயன்று தோற்றவர்களுக்கு அது இன்னொரு கதவைத் திறக்கிறது. ஏற்கெனவே கைநிறைய மாத்திரை விழுங்குபவருக்கு இன்னொரு மாத்திரை சேராது என்பதும் நல்ல செய்தி.

நாட்பட்ட நோயாளிகள் கூடுதலாகச் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். தலைக்குள் உலோகக் கிளிப்போ காக்ளியர் கருவியோ இருந்தால் இந்தச் சிகிச்சை கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அரிதாக வலிப்பு வரலாம். முன்பு வலிப்பு வந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். மூச்சிரைப்புக்குத் தரப்படும் தியோஃபிலின் மருந்தும் அந்த ஆபத்தைக் கூட்டக்கூடியது. புகையிலைப் புகை கல்லீரலைத் தூண்டி அந்த மருந்தை வேகமாகச் சிதைக்க வைக்கிறது. புகையை நிறுத்தியதும் அதே மாத்திரை இரத்தத்தில் கூடுதலாகத் தங்கிவிடும். எந்த முறையில் புகையை விட்டாலும், தியோஃபிலின் எடுப்பவர்கள் விடும் நாளை மருத்துவரிடம் முன்பே சொல்லி, அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

காந்தச் சிகிச்சை எட்டாத இடத்தில் இருப்பவர்களுக்கு நிகோடின் சூயிங்கம், வரெனிக்ளின் மாத்திரை, ஆலோசனை ஆகிய மூன்றும் நன்கு சோதிக்கப்பட்ட வழிகள். இந்தியாவில் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது.