வலைக்குள் சிக்கிய மன்னன்

மதுவும் நீரும் கலக்கும் சாடி
ஏதென்ஸ், சுமார் கி.மு. 460
சுடுமண், செவ்வுருவப் பாணி
டோகிமாசியா ஓவியர் வரைந்ததாகக் கருதப்படுவது
பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம்

டிராயை வென்று வீடு திரும்பிய அகமெம்னோன், குளித்த ஈரம் காயுமுன் கொல்லப்படுகிறான். அவன் மேல் கிடக்கும் துணியை உற்றுப் பாருங்கள். உடல் தெரியும் அளவுக்கு மெல்லியது. ஆனால் கைகள் அதற்குள் மாட்டிக்கொண்டன. வாளோடு நிற்பவன் ஏகிஸ்தஸ். அவன் பின்னால் கோடரியுடன் ஓடிவருபவள் அகமெம்னோனின் மனைவியும் ஏகிஸ்தஸின் காதலியுமான கிளிதெம்னெஸ்திரா.

கப்பல்கள் புறப்படக் காற்று வேண்டிப் பெற்ற மகள் இபிஜினியாவையே பலி கொடுத்தவன் இந்த மன்னன். கல்யாணம் என்று பொய் சொல்லி அவளை வரவழைத்தான் என்கிறார் நாடகாசிரியர் யூரிப்பிடிஸ். ஏகிஸ்தஸுக்கும் தீர்க்க ஒரு கணக்கு உண்டு: அவன் அண்ணன்மாரைக் கொன்று சமைத்து, பெற்ற தகப்பனுக்கே பரிமாறியவன் அகமெம்னோனின் தந்தை அத்ரியூஸ்.

மறுபுறம் வாருங்கள். யாழும் கையுமாக அமர்ந்திருந்த ஏகிஸ்தஸை அகமெம்னோனின் மகன் ஒரெஸ்தஸ் குத்துகிறான். கிளிதெம்னெஸ்திரா இங்கும் கோடரியோடு வருகிறாள். இங்கும் அவளுக்கு வேலை இல்லை.

ஈஸ்கிலஸ் அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தார். கி.மு. 458-இல் ஏதென்ஸில் முதல் பரிசு வென்ற அவரது ‘ஒரெஸ்தேயா’ நாடக முத்தொடரில் கணவனை வெட்டுபவள் அவளே. ஏகிஸ்தஸ் எல்லாம் முடிந்த பிறகுதான் தலைகாட்டுகிறான். கொலை அரண்மனைக்குள் நடக்கிறது, பார்வையாளருக்குக் கேட்பது அலறல் மட்டும். வலைபோன்ற துணி நாடகத்திலும் வருவதால், ஓவியர் அதைப் பார்த்துவிட்டே வரைந்தார் என்பாரும் உண்டு. சாடிதான் மூத்தது என்பாரும் உண்டு.