அப்பாவின் சிடி பிளேயர் மறுபடியும் பாட..!

"என்னப்பா இது, 'நோ டிஸ்க்'னு காட்டுது?"

செல்போனில் பாட்டு தேடத் தெரியாத அப்பாவுக்காக, அவருக்குப் பிடித்த 100 பாடல்களை சிடியில் காப்பி செய்து கொடுக்கிறோம். அவர் ஆசையாகப் போட்டுப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்டால், நமக்கே முகம் வாடிவிடும். உடனே பிளேயரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பழுது பிளேயரில் இருக்காது. நாம் பாட்டை எழுதிக் கொடுத்த விதத்தில்தான் இருக்கும்.

1982-ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சிடி, பாட்டை ஃபைலாக வைத்திருப்பதில்லை. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, அந்த எண்களைச் சுருள் தடத்தில் வரிசையாகப் பதிந்து வைத்திருக்கும். பழைய பிளேயர்களுக்கு அதை மட்டும்தான் படிக்கத் தெரியும். எம்பி3 என்பது சுருக்கிக் கட்டிய மூட்டை மாதிரி. அதைப் பிரிக்கத் தெரிந்த பிளேயர்களின் முகப்பில் பெரும்பாலும் 'எம்பி3' என்றே போட்டிருக்கும். அப்படி இருந்தால் கவலையே இல்லை, ஃபைல்களை அப்படியே எழுதிய டேட்டா சிடி போதும். 128 கேபிபிஎஸ் தரத்தில், 5 நிமிடப் பாடல்கள் சுமார் 140 அடங்கும். இல்லையென்றால், ஆடியோ சிடிதான் வழி.

என்ன வாங்கணும்?

80 நிமிட சிடி-ஆர் வாங்குங்கள். திரும்பத் திரும்ப எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம். அது ஒளியைக் குறைவாகவே பிரதிபலிக்கும் என்பதால், பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்கத் திணறும். டிவிடி டிஸ்க்கும் சிடி பிளேயரில் ஓடாது. லேப்டாப்பில் டிரைவ் இல்லையா? யுஎஸ்பி-யில் செருகும் டிவிடி ரைட்டரே சிடியும் எழுதும்.

எப்படி எழுதணும்?

'விண்டோஸ் மீடியா பிளேயர் லெகசி'யில் 'பர்ன்' பகுதியைத் திறந்து, முதலில் 'ஆடியோ சிடி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிறைய பேர் கோட்டைவிடுவது இங்கேதான். பிறகு பாடல்களை வரிசையாக இழுத்துப் போடுங்கள். இங்கே எம்பி கணக்கு செல்லாது, நிமிடக் கணக்குதான். 5 நிமிடப் பாடல் என்றால் 15 வைக்கலாம். எழுதும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். வேறு சாஃப்ட்வேர் என்றால், 'ஃபைனலைஸ்' வசதியை மறக்காமல் டிக் செய்யுங்கள். டிஸ்க்கை இப்படி முடித்து மூடாவிட்டால், கம்ப்யூட்டரில் பாடும், வீட்டு பிளேயரில் பாடாது.

இன்னொரு விஷயம். ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோடு செய்த பாடல்கள் பூட்டு போட்டவை. அவற்றை எழுத முடியாது. காசு கொடுத்து வாங்கிய ஃபைல்களோ, வீட்டில் இருக்கும் ஒரிஜினல் சிடிகளோதான் கைகொடுக்கும். அதேபோல, தரம் குறைந்த எம்பி3-யை ஆடியோ சிடியாக மாற்றினாலும் இழந்த தரம் திரும்பி வராது.

எழுதி முடித்ததும் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். மேல்பூச்சுக்கு அடியிலேயே பிரதிபலிக்கும் படலம் இருக்கிறது; கீறினால் பாட்டும் போச்சு! மென்மையான மார்க்கர் போதும். வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

கடைசியாக, பாடல் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி உறையில் செருகிவிடுங்கள். பட்டனை அழுத்தியதும் முதல் பாட்டு கேட்கும்போது, அப்பா உங்களைக் கூப்பிடவே மாட்டார்!